ஊசி வலிக்கும் என்று சொல்லுங்கள்

(காஞ்சிபுரத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில், ஓய்வுபெற்ற மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆபரேஷன் செய்கிற டாக்டரைக் குழந்தை பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர் கை கழுவி உள்ளே வருவதற்குள் அது தூங்கியிருக்கும். விழித்திருக்கும் குழந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பவர் மயக்க மருந்து கொடுப்பவர்தான். அதுதான் என் தொழில். அதனால் நம் ஊர் அப்பா அம்மாக்கள் என்னென்ன சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போறோம்." "மெட்ராஸ்ல பீச் பாத்துட்டு வந்துடலாம்." "டாக்டர் மாமா சும்மா தொட்டுப் பாப்பாரு, அவ்ளோதான்." "ஊசியே கெடையாது, சாமி சத்தியமா." ஒரு பையன் கடற்கரை மணலில் விளையாடுவதற்காகச் சிவப்பு பிளாஸ்டிக் வாளியோடு வந்திருந்தான். சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி அங்கியை மாட்டினோம். அப்போதும் வாளியை விடவில்லை. முகமூடியைக் கொண்டு போனபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்ற பாசத்தில் வந்த பொய் அது. அதோடு, நெசவுக் குடும்பத்தில் ஒரு ஆபரேஷன் என்றால் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. பாவு பாதியில் நிற்கும். சேலை முடிந்தால்தான் கூலி. காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்க வேண்டும், நகல் எடுக்க வேண்டும், கையெழுத்துக்கு அலைய வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்? ஒரு பொய் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

ஆனால் அந்தப் பொய்க்கு ஆயுள் ஆபரேஷன் வாசல் வரைதான். அதன் பிறகு பிள்ளைக்கு இரண்டு பயம். ஒன்று, முன்பின் தெரியாத இடம். இன்னொன்று, அம்மா சொல்வதை நம்ப முடியாது என்பது. முதல் பயத்துக்கு என்னிடம் மருந்து உண்டு. மிடசோலம் என்ற சிரப்பைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பிள்ளை தளர்ந்துவிடும். இரண்டாவதற்கு எந்த மருந்துக் கடையிலும் ஒன்றும் கிடையாது.

இதை மருத்துவ உலகம் சற்றுத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 1945-ல் டேவிட் லெவி என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஆபரேஷன் முடிந்த குழந்தைகளிடம் தங்கிவிடும் அச்சத்தைப் போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் மனப் பாதிப்போடு ஒப்பிட்டு எழுதினார். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 'குழந்தைக்கு என்ன தெரியும், மறந்துடும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு அது. 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு படம் வெளியிட்டார். தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த, இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியைப் பற்றியது. அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரைக் குழந்தையுடன் தங்கவிட மாட்டார்கள். அந்தச் சிறுமி வீறிட்டு அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு நடுநடுவே அம்மா எங்கே என்று கேட்கிறாள், அவ்வளவுதான். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் 1959-ல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தையுடன் தாய் தங்கலாம் என்று பரிந்துரை செய்தது.

நம் ஊரில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் சரி, நம் மாவட்டத்து அரசு மருத்துவமனையானாலும் சரி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அம்மாவோ ஆயாவோ படுத்திருப்பார்கள். வெள்ளைக்காரன் குழு போட்டுக் கண்டுபிடித்ததை நாம் பாய் விரித்தே சாதித்துவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமை அத்தோடு சரி. அம்மாவைப் பக்கத்தில் விட்டோமே தவிர, அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் பிள்ளையின் பயம் குறைந்துவிடாது. மயக்கம் கொடுக்கும்போது பெற்றோர் உடன் இருப்பதால் மட்டும் குழந்தையின் பதற்றம் குறைவதில்லை என்று 2015-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அம்மா நடுங்கினால் பிள்ளையும் நடுங்கும்.

அப்படியானால் எது உதவுகிறது? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் சீவ் கெய்ன் குழுவினர் 2006-ல், டான்சில் ஆபரேஷனுக்கு வந்த 5 முதல் 12 வயது வரையிலான 241 பிள்ளைகளைக் கவனித்தார்கள். முன்கூட்டியே அதிகம் பயந்திருந்தவர்களுக்குப் பிறகு வலியும் அதிகம், வலி மருந்தும் அதிகம் தேவைப்பட்டது, தூக்கமும் கெட்டது. கத்தி ஒரே கத்திதான். பயந்த பிள்ளைக்கு அது கூடுதலாக வலித்திருக்கிறது. அடுத்த ஆண்டு அதே குழுவினர், குடும்பத்தையே தயார்படுத்திப் பார்த்தார்கள். ஒரு வீடியோ, சில துண்டுப் பிரசுரங்கள், வீட்டிலேயே முகத்தில் வைத்துப் பழக ஒரு மயக்க முகமூடி. பெரிய செலவு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைந்தது, வலி மருந்து குறைந்தது, சீக்கிரம் வெளியேயும் வந்தார்கள்.

சரி, எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குக் காரணம் புரியாது. முந்தின நாள் சொன்னால் போதும். அதற்கு வேண்டியது பழகிய மடியும் பழகிய வாசனையும். தூளி கட்டிய பழைய நூல் புடவையில் ஒரு துண்டைக் கொண்டு வாருங்கள், உள்ளே கொண்டு போக அனுமதி கேளுங்கள். நான் தயங்காமல் அனுமதித்திருக்கிறேன்.

நாலிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்களிடம்தான் கவனமாகப் பேச வேண்டும். இந்த வயதுப் பிள்ளை எதையும் தன்னோடு சேர்த்துப் பார்க்கும். 'சேட்டை பண்ணா ஊசி போடச் சொல்லிடுவேன்' என்று எத்தனை முறை மிரட்டியிருக்கிறோம்! ஊசி போடுகிற இடத்துக்கே அழைத்துப் போனால், தான் செய்த ஏதோ சேட்டைக்குத்தான் இது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். 'நீ எந்தத் தப்பும் பண்ணல, அதனால இது இல்ல' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொன்று. 'தூங்க வைப்பாங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். போன வருஷம் தாத்தா இறந்தபோது 'தாத்தா தூங்கிட்டாரு' என்றுதான் அதே பிள்ளையிடம் சொல்லியிருப்போம். 'இது மருந்துத் தூக்கம், ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் எழுப்பிடுவாரு, எழும்போது நான் இருப்பேன்' என்று முழுவதும் சொல்லுங்கள். சொன்னபடி இருங்கள். அந்த நேரம் பார்த்துக் காபி குடிக்கப் போய்விடாதீர்கள்.

ஏழு வயதுக்கு மேல் ஒரு வாரம் முன்பே சொல்லலாம். இவர்களுக்கு விவரம் வேண்டும். எத்தனை தையல், யார் பிரிப்பார்கள், பிரிக்கும்போது வலிக்குமா, எப்போது கிரிக்கெட் ஆடலாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். டான்சில் எடுத்தால் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்பது உண்மைதான், அதை மட்டும் சொன்னால் அதுவும் பொய்தான். ஒரு வாரம் பத்து நாள் தொண்டை வலிக்கும், எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருக்கும், அதற்கு மருந்து தருவார்கள். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்வதைவிட விளையாடிக் காட்டுவது எளிது. நம் ஊர்ப் பொம்மைக்காரத் தெருவிலிருந்து கொலுவுக்கு நாடெங்கும் பொம்மை போகிறது. வீட்டில் மூக்கு உடைந்து பரணில் கிடக்கும் ஒரு செட்டியார் பொம்மை போதும். அதற்குக் கட்டுப் போடுங்கள், ஊசி இல்லாத சிரிஞ்சால் மருந்து கொடுங்கள். பிள்ளையே டாக்டராக இருக்கட்டும். அது பொம்மையிடம் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள், அதன் மனதில் உள்ள பயமெல்லாம் வெளியே வந்துவிடும்.

காதுகுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது முதல் ஆபரேஷன் மாதிரிதான். அதில் நாம் சரியாகச் செய்வது ஒன்று, தப்பாகச் செய்வது ஒன்று. தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிறோமே, அது மிகச் சரி. மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் குழந்தை மிரண்டு போகும். மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மார்போடு அணைத்துப் பிடித்தால் அதே ஊசியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். இன்று குழந்தை நல மருத்துவர்கள் இதையே பாடமாகப் படிக்கிறார்கள். தப்பு எது என்றால், 'அங்க பாரு காக்கா' என்று சொல்லிவிட்டுக் குத்துவது.

இனி, தியேட்டர் வாசலில் தினமும் நடக்கும் இரண்டு சங்கடங்கள்.

முதலாவது பட்டினி. திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம். இதுதான் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 'ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது' என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவைப் போடுவது ஆஸ்பத்திரிக்கு வசதி, பிள்ளைக்கு வதை. எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஆனால் சொன்ன நேரத்தை மீறாதீர்கள். 'பாவம், பசில துடிக்குது' என்று முந்தானைக்குள் மறைத்து ஒரு பிஸ்கட் கொடுத்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளைகூட 'எனக்கு இப்ப வேணாம் ஆயா' என்று பிஸ்கட்டைத் தள்ளிவிடும்.

இரண்டாவது கயிறு. அரைஞாண் கயிறு, தாயத்து, கறுப்புக் கயிறு, வெள்ளிக் கொலுசு, மூக்குத்தி. திசுவைச் சுடும் மின் கருவி பயன்படுத்துவதால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது என்பது விதி. நகப்பூச்சும் மருதாணியும் இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி சரியாகக் காட்டாமல் போகலாம். இதெல்லாம் எப்போது தெரிய வருகிறது? தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சர் தயாராக நிற்கும்போது. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து 'டக்'கென்று அரைஞாணை வெட்டுவார். அம்மா அழுவாள். குலதெய்வத்துக்கு வேண்டிக் கட்டியதாக இருக்கும். அம்மா அழுவதைப் பார்த்துப் பிள்ளைக்கு உயிரே போய்விடும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கத்தரிக்கோல் சத்தத்தில் வீறிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டிய கையாலேயே முந்தின நாள் வீட்டில் அவிழ்த்துவிடுங்கள். சாமி படத்துக்குக் கீழே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கட்டலாம் என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். நாத்திகர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். இது பக்தி பற்றிய பேச்சு இல்லை.

மயக்கம் தெளியும்போது என்ன நடக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும், பிள்ளையைவிட உங்களுக்கு. சில பிள்ளைகள் கண் விழித்ததும் கத்தும், உதைக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாது. 'பேய் புடிச்ச மாதிரி இருக்குது சார்' என்று திருநீறு எடுப்பவர்கள் உண்டு. திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது மருந்தின் விளைவு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு படுக்கையில் சிறுநீர் போவது, ராத்திரி அலறுவது, அம்மா கக்கூசுக்குப் போனால்கூட வாசலில் நின்று அழுவது எல்லாம் வரலாம். 1996-ல் கெய்ன் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் பாதிக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகளிடம் இப்படி ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. பெரும்பாலும் தானாகவே சரியாகும். 'ஆபரேஷன் பண்ண பெரிய பையன், இன்னுமா படுக்கைய நனைக்கிற' என்று கேலி செய்தால் நாளாகும்.

இப்போது பதின்வயதுப் பிள்ளைகள். இவர்களைப் பற்றிப் பேச நேரம் வேண்டும், ஏனென்றால் இவர்களிடம்தான் யாரும் பேசுவதில்லை. சின்னக் குழந்தையாக இருந்தால் கொஞ்சவாவது செய்வார்கள். பதினைந்து வயதுப் பையனிடம் 'ஆம்பளப் புள்ள, அழுவக் கூடாது' என்பதோடு முடிந்துவிடுகிறது.

நம் ஊர் மண்ணில் பிறந்த அண்ணாவைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அவருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. படித்துக்கொண்டிருந்த புத்தகம் முடியவில்லை, ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டார் என்று சொல்வார்கள். அவருடைய படிப்பு ஆர்வத்துக்கு உதாரணமாக மேடைகளில் இதைச் சொல்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தன் உடம்பு, தன் நாள், அதில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்று அவர் கேட்டார். நம் வீட்டுப் பதினாறு வயதுப் பெண்ணிடம் அப்படி ஒரு சொல்லையாவது விட்டு வைக்கிறோமா? 18 வயது நிரம்பும்வரை பெற்றோர்தான் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும், சரி. கையெழுத்து உங்களுடையது என்பதால் முடிவில் அவளுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. டாக்டர் விளக்கும்போது அவளையும் உட்கார வையுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்பா பின்பா என்று தள்ளி வைக்கக்கூடிய ஆபரேஷன் என்றால் அவளையே கேளுங்கள். எந்தக் கையில் டிரிப் ஏற்றுவது என்பதுகூட ஒரு தேர்வுதான். எழுதாத கையைக் கொடுக்கலாம் என்று அவளே சொல்வாள்.

இந்த வயதுக்கே உரிய பயங்கள் இரண்டு. மயக்கத்திலிருந்து எழாமலே போய்விடுவோமோ என்பது ஒன்று. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே இருப்பார்கள். கேட்காமலே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: பக்கத்திலேயே ஒரு டாக்டர் கடைசிவரை உட்கார்ந்து மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பார், அதுதான் அவர் வேலை. இரண்டாவது பயம் வெட்கம். ஹெர்னியா, விரை இறங்காமை, மார்பில் கட்டி, முதுகெலும்பு வளைவு எதுவாக இருந்தாலும் யார் யார் பார்ப்பார்கள், எவ்வளவு துணி கழற்ற வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. மாதவிலக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் எத்தனை நாள் மனதுக்குள் மருகியிருப்பாள்! பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அது தடையே இல்லை, நர்ஸிடம் சொன்னால் போதும். இந்தக் கோயில் ஊரில் தீட்டு என்ற பேச்சு எழும், ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது என்று அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். டாக்டர் ஐந்து நிமிடம் பெற்றோரை வெளியே இருக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் எதிரில் சொல்ல முடியாததை அவர் கேட்க வேண்டியிருக்கும்.

தழும்பு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு கொடுமை நடக்கிறது. 'நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்கணும், வெளிய சொல்லாத' என்று பெண்ணின் ஆபரேஷனைச் சொந்தக்காரர்களிடமிருந்து மறைக்கிறார்கள். அந்தப் பெண்ணின் காதில் அது எப்படி விழும்? தன் உடம்பில் ஏதோ அவமானம் இருக்கிறது என்று. உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் வந்தது என்று சொல்லிச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே தண்டிப்பார்கள். கிரகணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியதிலிருந்து மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பல பிள்ளைகளின் இதயக் கோளாறும் மாறுகண்ணும் இப்படித்தான் தெரிய வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் வரிசையில் எல்லோர் எதிரிலும் 'இவனுக்கு இதயத்துல ஓட்டை' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக் கேட்ட ஒரு பையன் அதற்குப் பிறகு ஓடுவதையே நிறுத்திவிட்டான், ரத்தமெல்லாம் ஒழுகிப் போய்விடும் என்று. அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியே அழைத்து, பெற்றோரை வரவழைத்து, பிறகு சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையிடம் தழும்பைக் காட்டச் சொல்லி வகுப்பே சூழ்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசர ஆபரேஷனில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பீர்கள். குடல்வால் வெடிக்கும் நிலையில் ஒரு வாரம் காத்திருக்க முடியாதுதான். ஆம்புலன்ஸில் போகும்போதே மூன்று வாக்கியம் சொல்லலாம்: வயித்துல ஒண்ணு வீங்கியிருக்கு, அத எடுத்தாத்தான் வலி போகும், நான் வாசல்லயே இருப்பேன்.

மருத்துவமனை நிர்வாகிகள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை அரை மணி நேரம், ஒரு நர்ஸ், ஒரு முகமூடி, ஒரு பொம்மை. குழந்தைகளையும் பெற்றோரையும் சேர்த்து உட்கார வைத்து நாளை என்ன நடக்கும் என்று அவர் தமிழில் சொல்லட்டும். சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அடுத்த மாதமே தொடங்கலாம்.

என் பேச்சு முடிந்தது. கேள்விகள் கேட்கலாம். பெரியவர்கள் சற்றுப் பொறுங்கள், பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.